ஹல்லா: யாருக்கும் அடங்காத ஒரு குதிரையின் கதை

நகர மறுக்கும் குதிரையை நாம் சண்டிக் குதிரை என்று சொல்வோம். அடித்தாலும் அசையாது, கெஞ்சினாலும் கிளம்பாது. அதற்கு நேர் எதிரான ரகமும் ஒன்று உண்டு. நில் என்றால் நிற்காது, மெதுவாகப் போ என்றால் பறக்கும், குதிகால் லேசாக விலாவில் பட்டாலே தேள் கொட்டியது போலத் துள்ளும். குதிரைக்காரர்கள் சண்டியைக் கூட மன்னித்து விடுவார்கள், இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால்தான் பயம்! ஏனென்றால் சண்டிக் குதிரை உங்களைப் புறப்பட்ட இடத்திலேயே வைத்திருக்கும். இதுவோ எங்கே கொண்டு போய்த் தள்ளும் என்று சொல்ல முடியாது.

ஹல்லா இரண்டாவது ரகம். ஜெர்மனியைச் சேர்ந்த பெண் குதிரை. அனுபவசாலிகள் பலர் ஏறிப் பார்த்து, இது தேறாது என்று கைவிட்ட குதிரை. பிற்காலத்தில் அதே குதிரை ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றது. தடைதாண்டும் போட்டியில் (ஷோ ஜம்பிங் என்பார்கள்) வேறு எந்தக் குதிரையும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை இதை எட்டவில்லை. ஆனால் ஹல்லாவின் பெயர் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் பதக்கக் கணக்கு மட்டுமில்லை. 1956 ஜூன் 17 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் சில நிமிடங்களில் நடந்த ஒரு விஷயம் அது. அதைப் புரிந்துகொள்ள முதலில் பதினோரு வருடம் பின்னால் போக வேண்டும்.

போர் முடிந்து எட்டு நாள்

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் 1945 மே 8 அன்று முடிந்தது. ஹல்லா பிறந்தது மே 16. ஊர், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட். உரிமையாளர் குஸ்தாவ் ஃபியர்லிங். குண்டுவீச்சில் நகரங்கள் தரைமட்டமாகிக் கிடந்த நேரம், மனிதருக்கே சாப்பாடு இல்லாத நேரம். அந்த நேரத்தில் ஒரு குதிரைக்குட்டி பிறந்ததை யார் கவனித்திருப்பார்கள்?

கவனிக்கும்படியான பரம்பரையும் இல்லை. தந்தை ஓபெர்ஸ்ட், டிராட்டர் இனத்தைச் சேர்ந்தது. டிராட்டர் என்றால் இலகுவான வண்டியைப் பூட்டிக்கொண்டு சீரான துள்ளுநடையில் ஓடும் பந்தயக் குதிரை. தாய் ஹெலனே, போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிராட்டர் பந்தயத்தில் குதிரை பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் அது குற்றம், உடனே அதை மீண்டும் துள்ளுநடைக்குக் கொண்டுவர வேண்டும். தடை தாண்டுவதற்கோ பாய்ச்சல்தான் அடிப்படை. ஆக, தந்தையின் குலத்தில் எது குற்றமோ அதுவே மகளுக்குத் தொழிலாக அமைந்தது.

ஜெர்மனியில் குதிரை வளர்ப்பு என்பது ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். ஹானோவர், ஹோல்ஸ்டைன், டிராக்கேனர் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு இனம், ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பதிவேடு, முத்திரை, மூன்று நான்கு தலைமுறை விவரம். அப்படிப்பட்ட தேசத்தில் பாதி ஜாதகமே இல்லாத ஒரு குதிரை.

தேறாது என்று திரும்பிய குதிரை

ஹல்லா முதலில் தடைகளுடன் கூடிய பந்தய ஓட்டத்தில் ஓடியது. வேகம் இருந்தது, தாண்டும் திறனும் தெரிந்தது. ஜெர்மன் ஒலிம்பிக் குதிரையேற்றக் குழுவின் பயிற்சி மையம் வாரண்டோர்ஃப் என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் மூவகைப் போட்டிக்குக் குதிரை தேடிக்கொண்டிருந்தவர்கள் ஹல்லாவை அங்கே கொண்டு போனார்கள்.

மூவகைப் போட்டி என்பது ராணுவத்திலிருந்து வந்தது. முதலில் டிரஸ்ஸாஜ், அதாவது குதிரை அமைதியாக, அளவெடுத்தாற்போல நடந்து காட்ட வேண்டும். அடுத்து காடு மேடு பள்ளம் என்று பல கிலோமீட்டர் ஓட்டம். கடைசியில் தடைதாண்டல். ஹல்லாவுக்கு ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. அமைதியில்தான் பிரச்சினை! நரம்பெல்லாம் மின்சாரம் ஓடுவது போன்ற குதிரையிடம் ஆடாமல் அசையாமல் நில் என்றால் எப்படி? பலர் முயன்றார்கள், யாருக்கும் சரிப்பட்டு வரவில்லை. ஒலிம்பிக் கனவு அத்தோடு முடிந்து, ஃபியர்லிங்கிடமே குதிரை திரும்பிப் போயிற்று.

இந்த முடிவை எடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்வது எளிது. அது நியாயமாக இருக்காது. அவர்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் குதிரை தேடினார்கள், அந்த வேலைக்கு ஹல்லா உண்மையிலேயே உதவாது. அவர்கள் பார்த்த குறையும் கற்பனை இல்லை. அது கடைசி வரை ஹல்லாவிடம் இருந்தது. ஸ்டாக்ஹோமிலும் இருந்தது.

விங்க்லர்

1951-ல் ஃபியர்லிங் அந்தக் குதிரையை ஹன்ஸ் குந்தர் விங்க்லர் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். விங்க்லர் 1926-ல் பார்மன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை குதிரையேற்ற ஆசிரியர், போரின் இறுதிக்கட்டத்தில் இறந்து போனார். மகனும் பள்ளி வயதிலேயே விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, போர்க்கைதியாகி, பிறகு விடுதலையானவர். கையில் காசில்லை. தெரிந்த ஒரே வேலை குதிரை வேலை. லாயத்தைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கி மேலே வந்தவர்.

இந்த இடத்தில் ஒரு பின்னணியைச் சொல்ல வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தின் ஆறு தங்கங்களையும் ஜெர்மனியே அள்ளியது. அத்தனையும் வென்றவர்கள் ராணுவ அதிகாரிகள். அரசாங்கக் குதிரை, அரசாங்கத் தீவனம், முழுநேரப் பயிற்சி. போரில் அந்த ராணுவமும் போயிற்று, குதிரைப்படைப் பள்ளியும் போயிற்று. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஜெர்மனியை அழைக்கவே இல்லை. ஆகவே 1950களில் சேணத்தில் ஏறிய ஜெர்மன் தலைமுறை, யாரோ ஒருவரின் குதிரையைக் கேட்டு வாங்கி ஓட்ட வேண்டிய தலைமுறை. விங்க்லருக்கு ஹல்லா கிடைத்ததும் அப்படித்தான். பொறுக்கி எடுக்கும் வசதி அவருக்கு இல்லை. மற்றவர்களுக்கு வேண்டாத குதிரை என்பதால்தான் அவருக்கு வந்தது.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. இந்தக் குதிரை பாதி மேதை, பாதி பைத்தியம் பிடித்த ஆடு என்ற பொருளில் விங்க்லரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

அடக்குவதா, பழகுவதா?

அடங்காத குதிரையை வழிக்குக் கொண்டுவர உலகமெங்கும் ஒரு பழைய முறை உண்டு. கடுமையான கடிவாளம், இறுக்கிப் பிடித்த வார், முள், சாட்டை. சாதுவான குதிரை இதில் மந்தமாகிவிடும். ஹல்லா போன்ற குதிரையிடம் இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். காரணம் எளிது. குதிரை இரையாகும் விலங்கு. சிங்கம் புலியிடமிருந்து ஓடிப் பிழைத்த பரம்பரை. பயம் வந்தால் ஓடு என்பதுதான் அதன் ரத்தத்தில் எழுதியிருக்கும் சட்டம். வாயில் வலித்தால் வலியிலிருந்து ஓடும். ஓடுவதைத் தடுக்க இன்னும் இழுத்தால் இன்னும் வலிக்கும், இன்னும் ஓடும். அரை டன் எடையுள்ள விலங்கோடு இழுபறி நடத்தி ஜெயித்த மனிதன் கிடையாது.

விங்க்லர் ஜெர்மன் பள்ளியின் அடிப்படைக்குத் திரும்பினார். தாண்டுவதில் வல்ல குதிரைக்குத் தாண்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தரையில் நடக்கத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். வட்டமாக நடப்பது, வட்டத்தைச் சிறிதாக்குவது, மீண்டும் பெரிதாக்குவது, நடையிலிருந்து துள்ளுநடை, துள்ளுநடையிலிருந்து பாய்ச்சல், மறுபடி நடை. தரையில் கிடக்கும் கட்டைகளை ஒரே தாளத்தில் தாண்டி நடப்பது. பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை. வாழ்நாள் முழுவதும் விங்க்லர் வலியுறுத்தியது இந்தத் தரைப்பயிற்சியைத்தான். தடைதாண்டல் என்பது இரண்டு தடைகளுக்கு நடுவே நடக்கும் விஷயம். தடை மேல் இருப்பது அரை விநாடி, மீதி நேரமெல்லாம் தரையில்தானே!

இந்தப் பயிற்சியில் குதிரை கற்றுக்கொள்வதைவிட ஏறியிருப்பவர் கற்றுக்கொள்வதே அதிகம். இலேசான தொடுதலுக்கே பொங்கி எழும் குதிரையின் மேல் உட்காருபவர், தேவையில்லாத ஒரு அசைவைக் கூடச் செய்யக் கூடாது. தொடை இறுக்கம், மூச்சு, உடல் சாய்வு எல்லாமே குதிரைக்குச் செய்தி. மந்தமான குதிரையின் மேல் ஒரு வீரர் நூறு வார்த்தை பேசலாம், அது பத்தைத்தான் கேட்கும். ஹல்லா எல்லாவற்றையும் கேட்டது. பேசாத வார்த்தையையும் கேட்டது. எனவே மேலே இருப்பவர் பேச்சைக் குறைக்க வேண்டும். ஐந்து வருடங்களில் விங்க்லர் பழகியது இதைத்தான் என்று சொல்லலாம்.

ஜெர்மன் அணியில் அப்போது இன்னொரு புகழ்பெற்ற ஜோடி இருந்தது. ஃப்ரிட்ஸ் தீடமான், அவருடைய மீடியோர். மீடியோர் ஹோல்ஸ்டைன் இனம், கனத்த உடம்பு, நிதானம். கீல் நகரில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மீடியோரைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். ஹல்லாவைப் பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பலன் 1954-ல் தெரிந்தது. மாட்ரிட் உலகச் சாம்பியன் போட்டியில் ஹல்லாவோடு சென்ற விங்க்லர் பட்டம் வென்றார். அந்நாளைய விதி விசித்திரமானது. இறுதிச் சுற்றுக்கு வந்த வீரர்கள் தங்கள் குதிரையில் மட்டுமின்றி, மற்றவர் குதிரைகளிலும் மாறி மாறி ஏறித் தடை தாண்ட வேண்டும். ஹல்லாவிடம் பாடம் படித்த ஒருவருக்கு வேறு எந்தக் குதிரையும் கஷ்டமாகத் தெரிந்திருக்காது! 1955-ல் ஆக்கன் நகரில் விங்க்லர் மீண்டும் உலகச் சாம்பியன். இரண்டாம் இடம் இத்தாலியின் ராய்மொண்டோ டின்சேயோ.

மெல்போர்ன் ஒலிம்பிக், ஸ்டாக்ஹோமில்!

1956 ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்தது. குதிரைகள் மட்டும் அங்கே போகவில்லை. வெளிநாட்டுக் குதிரை வந்தால் ஆறு மாதம் தனிமைப்படுத்தி வைக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் கால்நடைச் சட்டம். ஒலிம்பிக்குக்காகவும் அதைத் தளர்த்த மறுத்துவிட்டார்கள். ஆகவே குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஜூன் மாதத்திலேயே ஸ்வீடனில், 1912 ஒலிம்பிக் நடந்த அதே ஸ்டாக்ஹோம் அரங்கில் நடந்தன. ஒரே ஒலிம்பிக், இரண்டு கண்டங்கள். தொடக்க விழாவில் தீபம் கூட குதிரை மேல்தான் வந்தது.

தடைதாண்டலின் கணக்கு எளிமையானது. ஒரு தடையின் கட்டையைத் தட்டிவிட்டால் நான்கு தவறுப்புள்ளிகள். குதிரை தாண்டாமல் முரண்டு பிடித்தால் முதல் தடவை மூன்று, அடுத்த தடவை ஆறு, மூன்றாவது தடவை வெளியேற்றம். ஒரே நாளில் இரண்டு சுற்று. இரண்டிலும் வாங்கிய தவறுகளைக் கூட்ட வேண்டும், குறைவாக வாங்கியவருக்குத் தங்கம். அணிக்கு மூன்று பேர், மூவரின் கணக்கும் சேரும். மோசமானதைக் கழித்துவிடும் சலுகையெல்லாம் அன்று இல்லை. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் விங்க்லரும் ஹல்லாவும் கடைசிக்கு முந்தைய தடை வரை ஒரு தவறும் செய்யவில்லை. அந்தத் தடையில் ஹல்லா தாவிய கணமும் விங்க்லர் எதிர்பார்த்த கணமும் ஒத்துப்போகவில்லை. அவர் சேணத்திலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டு, பலமாகத் திரும்பி வந்து விழுந்தார். உள்தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் தசை கிழிந்தது. வலியில் துவண்ட மனிதரைச் சுமந்துகொண்டு ஹல்லா கடைசித் தடையைத் தாண்டியது. அதில் கட்டை விழுந்தது. நான்கு தவறுப்புள்ளிகள்.

கவனியுங்கள், காயத்துக்குக் காரணம் ஹல்லாவின் பழைய குணம்தான். ஏறியிருப்பவரின் கணக்குக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும் குணம்.

இடைவேளை

உள்தொடைத் தசை கிழிந்தால் நடப்பதே பெரும்பாடு. குதிரை ஏறுபவருக்கோ அதுதான் உயிர்நாடி. சேணத்தில் பிடிப்பு அந்தத் தசையால் வருகிறது. காலை அழுத்தி, முன்னே போ, இப்போது தாவு என்று குதிரைக்குச் சொல்வதும் அதனால்தான். தடை மேல் உடம்பைத் தூக்கி முன்னால் சாய்ந்து, தரையிறங்கும்போது அதிர்வை வாங்கிக்கொள்வதும் அதே இடம்தான்.

வலிக்கு மருந்து கொடுத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். வலி முழுக்கப் போகுமளவுக்குக் கொடுத்தால் தலை சுற்றும், தடை இரண்டாகத் தெரியும். தெளிவாக இருக்க வேண்டுமானால் வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

விலகிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று பேர் கணக்கும் வேண்டும் என்ற அந்த விதி இருக்கிறதே! விங்க்லர் ஏறாவிட்டால் தீடமானும், மூன்றாமவரான அல்ஃபோன்ஸ் லுட்கே வெஸ்ட்ஹூஸும் அதுவரை செய்ததெல்லாம் வீண். தனிநபர் தங்கமும் போகும், அணியே பட்டியலிலிருந்து மறையும். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று நம் ஊரில் பழமொழி உண்டு. ஜெர்மன் அணி நம்பியது மண் குதிரையை விட மோசமான ஒன்றை. நேரம் பார்த்துக் காலை வாரிவிடும் என்று பெயரெடுத்த குதிரையை.

விங்க்லர் ஏறினார். இதை வீரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. சேணத்தில் நிலைகுலைந்த மனிதர் குதிரைக்கும் ஆபத்து. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத் தடையின் மேல் அவர் எடை தவறான பக்கம் சாய்ந்தால் இருவரும் சேர்ந்து விழுவார்கள். அவர் பணயம் வைத்தது தன் உடம்பை மட்டும் அல்ல.

இரண்டாம் சுற்று

ஒவ்வொரு தாவலிலும் விங்க்லர் வலியில் கத்தினார். சேணத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது, திசை காட்ட முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. வழக்கமாக வரும் கட்டளைகள் எதுவும் கீழே வரவில்லை. ஹல்லா தடைகளைப் பார்த்தது, தானே தூரத்தை அளந்தது, தானே தாவியது. முதல் தடை, அடுத்த தடை, அதற்கடுத்தது என்று ஒரு கட்டை கூட விழவில்லை. முழுச் சுற்றும் தவறில்லாமல் முடிந்தது.

மொத்தம் நான்கு தவறுப்புள்ளிகள், தனிநபர் தங்கம். மேரானோ என்ற குதிரையில் வந்த ராய்மொண்டோ டின்சேயோ எட்டுப் புள்ளிகளுடன் வெள்ளி. அவர் அண்ணன் பியேரோ, உருகுவே என்ற குதிரையில் பதினொன்றுடன் வெண்கலம். அணிக் கணக்கில் விங்க்லர் 4, தீடமான் 12, லுட்கே வெஸ்ட்ஹூஸ் 24, ஆக மொத்தம் 40. இத்தாலி 66. பிரிட்டன் 69. (பிரிட்டன் அணியில் இருந்த பாட் ஸ்மைத், ஒலிம்பிக் தடைதாண்டலில் பங்கேற்ற முதல் பெண்களில் ஒருவர். அந்த வருடம்தான் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

அன்றிலிருந்து ஹல்லாவை ஜெர்மன்காரர்கள் அதிசயக் குதிரை என்று அழைக்கத் தொடங்கினார்கள். எஜமானரின் வலியை உணர்ந்து, மூட்டையைப் போல அவரைச் சுமந்து, தானாகவே சுற்றை முடித்த குதிரை என்று கதை பரவியது. துள்ளுகிற மாடு பொதி சுமக்கும் என்பார்களே, அதுபோல!

இந்தக் கதை பாதிதான் உண்மை. எந்தத் தடைக்குப் பிறகு எந்தத் தடை என்று குதிரைக்குத் தெரியாது. எண் போட்ட பலகையை அது படிக்காது. வழியை மனிதர்தான் முன்கூட்டியே நடந்து பார்த்து மனப்பாடம் செய்கிறார். வளைவில் எங்கே திரும்ப வேண்டும் என்று யாரோ சொல்லியாக வேண்டும். அன்று அதைச் சொன்னவர் விங்க்லர், கிழிந்த தசையோடு. மீதியைச் செய்தது ஹல்லா. வேலையில் பாதி இவருடையது, பாதி அதனுடையது. அதைவிட முக்கியம், இந்த ஜோடிக்கு அந்தப் பங்கீடு புதிதில்லை. ஐந்து வருடமாகவே விங்க்லர் குறைவாகச் சொல்லப் பழகியிருந்தார். ஹல்லா மீதியைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தது. ஸ்டாக்ஹோமில் அந்த ‘குறைவு’ கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பழைய குறையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வாரண்டோர்ஃபில் ஹல்லாவை வேண்டாம் என்றதற்குக் காரணம் என்ன? கட்டளைக்குக் காத்திருக்காது, தானே பாயும். காலால் உந்தித் தள்ளி ஓட்ட வேண்டிய குதிரையாக இருந்திருந்தால், உந்துவதற்குக் கால் இல்லாத அந்த மதியம் அது முதல் தடையிலேயே நின்றிருக்கும். சாதுவான, சொன்னால் மட்டும் செய்கிற குதிரை, சொல்ல ஆளில்லாதபோது என்ன செய்யும்? காயத்தை உண்டாக்கிய குணமும், காயத்தோடு கரை சேர்த்த குணமும் ஒன்றுதான். அந்தக் குணத்தை 1951-லேயே அடித்து நொறுக்கியிருந்தால் மாட்ரிட் ஒருவேளை கிடைத்திருக்கலாம். ஸ்டாக்ஹோம் கிடைத்திருக்காது.

அதே ஸ்டாக்ஹோமில், அதே வாரம், டிரஸ்ஸாஜ் போட்டியில் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் வெள்ளி வென்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கிவிட்டுத்தான் குதிரை மேல் ஏறுவார். 1952 ஹெல்சிங்கியிலும் இதே வெள்ளி. அவருடைய ஜூபிலி என்ற குதிரை, கால் சொல்லாததை முதுகின் அசைவிலிருந்தும் எடையின் சாய்விலிருந்தும் புரிந்துகொள்ளப் பழகியிருந்தது. விங்க்லருக்கு ஒருநாள் நேர்ந்தது ஹார்ட்டலுக்கு அன்றாட வாழ்க்கை. ஏனோ பேச்சில் ஹல்லாவுக்குக் கிடைத்த இடம் ஜூபிலிக்குக் கிடைக்கவில்லை.

பிறகு

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹல்லாவுக்கு வயது பதினைந்து. விங்க்லர், தீடமான், ஆல்வின் ஷோக்கமோலே மூவரும் அணித் தங்கத்தை மீண்டும் வென்றார்கள். ஹல்லாவின் மூன்றாவது தங்கம் அது. மொத்தம் 125 வெற்றிகளோடு அதே ஆண்டு ஓய்வு பெற்று, பிறந்த இடத்துக்கே, ஃபியர்லிங்கிடம் திரும்பியது. முதல் தடவை ‘தேறாது’ என்று திரும்பிய அதே இடம்.

குட்டிகள் பல ஈன்றது. வளர்ப்பவர்கள் மிகுந்த ஆசையோடு காத்திருந்தார்கள். ஒன்று கூட தாயைப் போல வரவில்லை. பதிவேட்டுக்காரர்களின் கணக்கு மறுபடியும் பொய்த்தது. ஜாதகம் இல்லாமல் வந்த திறமை ஜாதகத்தின் வழியாகப் போய்ச் சேரவும் இல்லை.

விங்க்லர் மற்ற குதிரைகளில் 1976 வரை ஒலிம்பிக் போனார். மொத்தம் ஐந்து தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். 2018 ஜூலையில், 91-வது வயதில் இறந்தார். ஹல்லாவுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ குதிரைகள் அவர் கைக்கு வந்து போயின. மக்கள் அவரைப் பார்த்தால் கேட்டதென்னவோ ஹல்லாவைப் பற்றித்தான்.

ஹல்லா 1979 மே மாதம் இறந்தது. வயது 34, குதிரைகளுக்கு இது மிக நீண்ட ஆயுள். வாரண்டோர்ஃபில், ஒரு காலத்தில் அதை வேண்டாம் என்று அனுப்பிய அதே மையத்தில், அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது. ஜெர்மன் குதிரையேற்றக் கூட்டமைப்பு இன்னொரு முடிவையும் எடுத்தது. ஹல்லா என்ற பெயரை இனி எந்தப் போட்டிக் குதிரைக்கும் பதிவு செய்ய மாட்டார்கள்.